எங்கள் வீட்டுக் கடகம்

கல்லே இல்லாத ஊரில் பிறந்தவள் நான். மன்னார்க் கரையில், வங்காலைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி கிடந்த எங்கள் குடியிருப்பில் காலுக்குக் கீழே மணல், கிணறு தோண்டினாலும் மணல், கச்சான் காற்று எழும்பினால் சோற்றுக்குள்ளும் மணல். கடலுக்குள் முருகைக்கல், அதாவது பவளப்பாறை, இருந்தது உண்மைதான். அதை நாங்கள் கல் என்று மதிப்பதில்லை. சூளையில் வேகவைத்துச் சுண்ணாம்பாக்கத்தான் அது என்று நினைத்திருந்தோம். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, கல்லைப் பற்றிப் பாடம் நடத்தி ஆசிரியை ஆகிவிடுவேன் என்று நான் புறப்பட்டது முழுக்க என் பிடிவாதம்.

யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. எழுத்துச் சோதனையில் நான் தேறியிருந்தேன். மிச்சம் இருந்தது ஒரு பாடம். ஒவ்வொருத்தியும் தன் ஊர்ப் பொருள்களைக் கொண்டுபோய், தேர்வாளர் பார்த்திருக்க, சின்னப் பிள்ளைகளுக்கு அதை வைத்துப் பாடம் சொல்ல வேண்டும். அதிலும் தேறினால் விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு, முடிந்ததும் வேலை. தேறாவிட்டால் என்ன என்பதையும் அப்பா ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"ஒருக்காப் போய்ப் பார் பிள்ளை. கிடைச்சால் போய்ப் படி, நான் தடுக்க மாட்டன். கிடைக்காட்டில் பேசின இடத்திலை கலியாணம்."

பேசின இடம் என்றால் கருவாட்டு வியாபாரம் செய்த ஒரு குடும்பம். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் மீனும் நெல்லும் பனையோலையும் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் சின்ன வகுப்புகளுக்கு உதவியாக நின்றபோது, "பாறைகள் மூன்று வகைப்படும்" என்று பிள்ளைகளை ஒப்புவிக்க வைத்திருக்கிறேன். தீயில் பிறந்தது, படிந்து பிறந்தது, உருமாறிப் பிறந்தது. கிளிப்பிள்ளை போலச் சொன்னார்கள். புத்தகத்தில் படம் என்று இருந்தது பனி மூடிய மலையும் நெருப்புக் கக்கும் மலையும். சீமையில் யாரோ கீறிய படத்தைப் பார்த்து மன்னார்ப் பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? எனக்கு எரிச்சலாக வரும். இந்த மூன்றையும் எங்கள் கரையிலிருந்தே எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று அந்தப் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டுதான் கல் பொறுக்கத் தொடங்கினேன்.

தேடத் தொடங்கிய பிறகுதான் கல் இல்லாத ஊருக்கு எவ்வளவு கல் வந்து சேர்கிறது என்று கண்டேன். மடு மாதா கோயிலுக்கு யாத்திரை போனபோது காட்டோரத்தில் ஒரு கல் கிடைத்தது. கறுப்பும் வெள்ளையும் வரி வரியாக ஓடி, நடுவில் காக்காப்பொன் மினுங்கியது. பூமிக்குள் சூட்டிலும் பாரத்திலும் நசிந்து உருமாறியது அது. மன்னார்த் தீவின் மேற்குக் கரைக்கு வள்ளத்தில் போன அப்பா, மணல் ஒட்டிக் கட்டியான ஒரு பலகைக் கல் கொண்டுவந்தார். உள்ளே ஒரு சிப்பி பாதி புதைந்திருந்தது. தீயில் பிறந்த கல்லுக்குத்தான் வழி தெரியவில்லை. ஒரு நாள் அம்மா கிணற்றடியில் குதிக்கால் தேய்த்துக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஓட்டை, தண்ணீரில் போட்டால் மிதக்கும். எங்கோ கடலுக்கு அப்பால் நெருப்பு மலை துப்பிய நுரை உறைந்து, அலையில் மிதந்து எங்கள் கரைக்கு வந்திருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டேன். "கல்லுக் கிறுக்குப் பிடிச்சவளே, என்ரை காலுக்கு என்ன வழி?" என்று அம்மா திட்டினாள்.

நெல் வாங்கப் பாப்பாமோட்டைக்குப் போன இடத்தில் புதுக் கிணறு வெட்டிக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலில் வெளிறிய சுண்ணக்கல். அதன் மேல் மட்டிச் சிப்பிகள் அழுத்திவிட்டுப் போன தடங்கள். வயல் நடுவில், கடல் மணமே இல்லாத இடத்தில், மட்டி. ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மேலே ஊறுகாய்க்கு விடும் வினாகிரி நாலு துளி விட்டேன். நுரைத்துப் பொரிந்தது. மடுக் கல்லில் விட்டேன், சும்மா வழிந்து ஓடியது. கல்லுக்குள் சுண்ணாம்பு உண்டா இல்லையா என்று அடுக்களைச் சாமானே சொல்லிவிடுகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் எப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்து நான் தனியே இருந்து சிரித்தேன்.

ஆனால் என் பாடத்தின் உயிர் அதில் எதுவும் இல்லை. அது கொண்டச்சிக் கரையிலிருந்து வந்தது. எங்களிடம் கருவாடு வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம், வழியில் விசித்திரமான கல் கண்டால் எடுத்து வரும்படி சொல்லி வைத்திருந்தேன். முதலில் சிவந்த இரும்புக் கல் ஒன்று கொண்டுவந்தார். அடுத்த முறை மடியை அவிழ்த்து ஒன்றை என் கையில் வைத்தார்.

"கரை இடிஞ்ச இடத்தில கிடந்திச்சு தங்கச்சி. மனுசன் செதுக்கினதில்ல. அல்லாட வேல."

மணலுக்குள் வாழும் முள்ளுடம்புப் பிராணி ஒன்று உண்டு. அது செத்தால் முள் உதிர்ந்து, வெள்ளை ஓடு கரையில் ஒதுங்கும். முதுகில் ஐந்து இதழ்ப் பூ வரைந்தது போல இருக்கும். சின்னப் பிள்ளைகள் கடல்பூ என்பார்கள். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பொடியாகிவிடும். அந்த வியாபாரி தந்தது அதே வடிவம், அதே பூ. ஆனால் கல். ஓட்டுக்குள் சுண்ணாம்புச் சேறு புகுந்து, இறுகி, அந்தக் கடல் விலகிப்போய், மேலே மண் ஏறி, மனிதர் என்று ஒருவரும் இல்லாத காலத்திலிருந்து அப்படியே கிடந்து வந்திருக்கிறது. கையில் வைத்து அதன் பாரத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தேன்.

என் பாடம் அன்றே முடிவாகிவிட்டது. ஒரு கையில் நேற்று ஒதுங்கிய கடல்பூ. மறு கையில் கல்லான கடல்பூ. இரண்டையும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். ஒன்று நொறுங்கும், ஒன்று கனக்கும். அதற்குப் பிறகு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கல்லெல்லாம் சோதனைக்கு என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சோதனை என்றால் பேனையும் கடதாசியும் என்று நினைத்திருந்த சனம், கல்லைக் கட்டிக்கொண்டு ரயில் கோச்சி ஏறப் போகிறாள் என்று கேள்விப்பட்டால் என்னைக் கேலி செய்தே கொன்றிருக்கும். கேலியைத் தாங்கும் பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

எங்கள் வேதக் கோயில் பெருநாளுக்கு முன் சுவருக்கு வெள்ளை அடிப்பது வழக்கம். அதற்கான சுண்ணாம்பை ஊரே சேர்ந்து வேகவைக்கும். வீட்டுக்கு ஒரு பனையோலைக் கடகம் நிறையச் சிப்பியோ முருகைக்கல்லோ சூளையடிக்குப் போக வேண்டும். யாராவது நோயில் கிடந்தால் அந்த வீட்டுப் பங்கை அயலார் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிடுவார்கள். போட்டவர் சொல்ல மாட்டார், வீட்டுக்காரரும் கேட்கக் கூடாது. ஏதும் வேண்டுதல் இருக்கிறவர்கள் இன்னொரு கடகமும் போடுவார்கள். சூளையைப் பார்த்துக்கொண்டவர் எங்களுக்கு அடுத்த வளவுக்காரர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நாளெல்லாம் சுண்ணாம்போடு கிடந்து, புருவம்கூட வெளுத்திருக்கும்.

அந்த வருடம் அப்பாவின் காலில் திருக்கை முள் ஏறியது. கால் வீங்கிப் பாயில் கிடந்தார். அம்மா அவரோடு கிடந்து மாய்ந்தாள். நான் யாழ்ப்பாணம் போவதற்கு முதல்நாளுக்கு முதல்நாள், கல்லை எல்லாம் கிணற்றடியில் வைத்து, பூவும் தடமும் தெளிவாகத் தெரியும்படி தேய்த்துக் கழுவினேன். ஈரம் உலர வேண்டும் என்று கடகத்தில் அடுக்கி, வெயில் நன்றாக விழும் வாசல் படலையடியில் வைத்தேன். கடல்பூவின் ஓடு மட்டும் நொறுங்கிவிடும் என்ற பயத்தில் அலுமாரிக்குள் இருந்தது.

விடிந்து பார்த்தால் கடகம் இல்லை.

நாயை விட்டுத் தேடாத குறை. வேலியோரம், கிணற்றடி, ஒழுங்கை எல்லாம் ஓடினேன். சூளையடிக்குப் போனபோது அது ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில், வேகாத கல் என்று பொறுக்கி எறிந்த குவியலில், என் மடுக் கல் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்புக் கல். பலகைக் கல். அம்மாவின் குதிக்கால் கல். எங்கள் வெறுங் கடகம் கவிழ்த்து வைத்திருந்தது. பாப்பாமோட்டைச் சுண்ணக்கல்லும் கொண்டச்சிக் கடல்பூவும் அங்கே இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று அந்தப் புகையைப் பார்த்தாலே தெரிந்தது.

கோபம் தலைக்கேறி வீட்டுக்கு வந்தேன். மாமா வீட்டு வாசலில் போய் நின்று கேட்கப் போகிறேன் என்று சத்தம் போட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோயிலுக்குப் போனதைக் கேக்கக் கூடாது. கொப்பர் ஏலாமல் கிடக்கிறார் எண்டு எங்கடை பங்கைப் போட்டிருக்கினம். கேட்டால் இனி எந்த வீட்டுக்கும் ஒருத்தரும் போடாயினம்."

"தங்கடை கையாலை ஒரு கடகம் பொறுக்கிப் போட ஏலாதே? கண்ணிலை பட்டதைத் தூக்கிக்கொண்டு போறதே?"

"கேட்டால் என்ன, வெந்தது திரும்பி வருமே?" என்றாள் அம்மா. பாயில் கிடந்த அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பாவை அயலார் பொறுப்பில் விட்டு, முருங்கனில் அம்மாவோடு கோச்சி ஏறினேன். மடியில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் பஞ்சில் பொதிந்த ஓடும், சூளைக்காரர் எறிந்த கற்களும். மதவாச்சியில் இறங்கி மற்றக் கோச்சிக்குக் காத்திருந்த நேரம் முழுதும் பாடத்தை மாற்றி மாற்றி யோசித்தேன். கடல்பூவை விட்டுவிட்டுப் பேசியிருக்கலாம். இன்று அது நன்றாகவே விளங்குகிறது. அன்று அது இல்லாமல் பாடமே இல்லை என்று நம்பினேன்.

தேர்வுக்கு இருந்தவர்கள் இருவர். ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி. தலைப்பாகையும் கோட்டும் போட்ட எங்கள் பெரியவர் ஒருவர். முன்னால் சின்னப் பிள்ளைகள். குதிக்கால் கல்லைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள். காக்காப்பொன்னை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன், எட்டிப் பார்த்தார்கள். துரைசாணி தலையை ஆட்டினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு இடது கையில் கடல்பூவின் ஓட்டை எடுத்தேன். வலது கையை வெறுமனே நீட்டினேன்.

"பிள்ளையள், இதே பூ, இதே வடிவம், கல்லாய் இந்தக் கையிலை இருக்குது எண்டு நினையுங்கோ."

முன்வரிசையில் இருந்த ஒரு சின்னவள் என் கையை உற்றுப் பார்த்தாள். "அங்கை ஒண்டும் இல்லை ரீச்சர்" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நான் பதற்றத்தில் இடது கையை இறுக்கியிருக்க வேண்டும். விரல்களுக்கிடையால் ஓடு பொடியாக விழுந்தது. இரண்டு கையும் வெறுமையாக நான் நின்றேன்.

கல்லான பூ எங்கே என்று துரைசாணி கேட்டாள். சுண்ணாம்பாகிவிட்டது என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. பெரியவருக்கு விளங்கியதோ என்னவோ, மெதுவாகத்தான் சொன்னார்.

"கண்ணாலை காட்டாமல் நம்பச் சொல்லுறதுக்குக் கோயில் இருக்குது பிள்ளை. பள்ளிக்கூடத்திலை காட்ட வேணும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் அந்தப் பாடத்தைத் தெரிந்தெடுத்ததே அதற்காகத்தான்.

என்னைச் சேர்க்கவில்லை என்று செய்தி வந்தபோது கோயில் சுவர் பளிச்சென்று வெளுத்திருந்தது. அந்த வெள்ளையைப் பார்க்க எனக்குக் கண் கூசியது. சுண்ணாம்பு பற்றிப் புத்தகத்தில் படித்ததும் அப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது. சூளையில் கல்லை விட்டுப் போன காற்று, வெள்ளை அடித்த பிறகு மெல்ல மெல்லச் சுவருக்குள் திரும்பி வருமாம். சுண்ணாம்பு மறுபடியும் சுண்ணக்கல் ஆகுமாம். அப்படியென்றால் என் கடல்பூ அந்தச் சுவரில்தான் இருந்தது. பூவை மட்டும் காணவில்லை. கடல் விலகியும் மண் ஏறியும் அழியாதது, எங்கள் ஊர்க்காரர் கையில் ஒரு காலைப்பொழுது தாங்கவில்லை என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அப்பா வாக்கை மீறவில்லை. கலியாணம் நடந்தது. என் கணவர் நல்லவர்தான்; கருவாட்டுக்கு உப்பு வைக்கும் கொட்டிலில் நான் உப்புப் பரலைக் கையில் எடுத்து, அதன் சதுர மூலைகளை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கேட்க மாட்டார். பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்குப் பாறை மூன்று வகை என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாமாவோடு நான் பேசுவதை விட்டுவிட்டேன். கோயில் வாசலில் கண்டால் தலையை ஆட்டுவேன், அதோடு சரி. ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக் கடகம் கணவர் கையால் போகும். நான் அந்தச் சூளைப் பக்கமே போகவில்லை. தன் கையால் ஒரு கடகம் பொறுக்க மனமில்லாத மனிதன் என்று அவரைப் பற்றி மனதுக்குள் முடிவுகட்டி, அந்த முடிவைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

என் மூத்தவளுக்குச் சோதனை வந்த வருடம் நானே ஒரு கடகத்தைத் தூக்கிக்கொண்டு சூளையடிக்குப் போனேன். அவளும் அதே பயிற்சிப் பள்ளிக்குத்தான் கேட்டிருந்தாள். வேண்டுதல் எதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் பிள்ளைக்கென்று வரும்போது கால் தானாகப் போய்விடுகிறது. மாமா ஒரு மரக்குற்றியில் இருந்து சிப்பி தட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தின்று கண் இரண்டும் மங்கியிருந்தன. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. கடகத்துக்குள் கையை விட்டுத் தடவினார்.

"வேண்டுதலோ பிள்ளை?"

"ஓம் மாமா. மூத்தவளுக்குச் சோதினை."

"மண்ணோடை கொண்டு வந்திருக்கிறாய். வேண்டுதல் கடகம் எண்டால் நல்ல தண்ணியிலை கழுவிப் போட வேணும். உனக்குத் தெரியாததே? உன்ரை சோதினை வருசம் கழுவித்தானே வைச்சிருந்தாய்."

எனக்கு அது தெரியாது. பழைய ஆட்களின் வழக்கம் அது. எங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் சிப்பி தட்டியபடியே சொல்லிக்கொண்டு போனார்.

"போட்டதைச் சொல்லக் கூடாதுதான், இனி என்ன. கொப்பர் ஏலாமல் கிடந்தவர். வீட்டுப் பங்கை நானும் உன்ரை மாமியும் கடலுக்குள்ளை இறங்கிப் பொறுக்கிப் போட்டிட்டம். பிறகு பாத்தால் படலையடியிலை இன்னொரு கடகம். கழுவித் துடைச்சு, பூப்போலை அடுக்கியிருந்தது. பிள்ளை தன்ரை சோதினைக்கு வேண்டி வைச்சிருக்குது, பாரத்திலை தூக்கிக்கொண்டு வர ஏலாமல் விட்டிட்டுது எண்டு மாமி சொன்னாள். சூளை மூட்ட முன்னம் விழ வேணும் எண்டு விடியப்புறம் ஓடிவந்து நாங்கள்தான் தூக்கினனாங்கள். வேகாத கல்லும் நாலைஞ்சு கிடந்தது. படிக்கிற பிள்ளைக்கு எந்தக் கல்லு வேகும் எண்டு தெரியேல்லை எண்டு சிரிச்சம்."

மாமி இறந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அவளுடைய செத்த வீட்டுக்குக்கூட நான் ஒப்புக்குத்தான் போய் வந்தேன்.

மாமா தட்டுவதை நிறுத்தினார்.

"இண்டைக்கும் எனக்கு விளங்காத விசயம் ஒண்டு இருக்குது பிள்ளை. உனக்கு ஏன் அந்த இடம் கிடைக்கேல்லை? மாமி சாகுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள். நாங்கள் தூக்கின கையிலை ஏதும் பிழை வந்ததோ? கடகத்திலை ஏதும் குறை இருந்ததோ?"

மங்கிய கண்ணை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாழ்க்கையில் வரப்போவதில்லை.

"இல்லை மாமா. பாடத்திலை நான்தான் தடுமாறினனான். அந்த வருசம் அதைவிட நல்ல கடகம் ஒண்டும் இந்தச் சூளையிலை விழேல்லை."

"அதுதானே. நானும் மாமிக்கு அப்பிடித்தான் சொன்னனான்" என்றார். மறுபடியும் சிப்பியைத் தட்டத் தொடங்கினார்.

நான் என் கடகத்தைத் தூக்கிக்கொண்டு, கழுவுவதற்காகக் கிணற்றடிக்குப் போனேன்.